முதல் கதையும் முதல் சன்மானமும்

(சிறுகதையில் முதல் வெற்றி கண்ட இரண்டு உறுப்பினர்களைப் பாராட்டி, வடோதராவில் நடந்த நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



செயலாளர் எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். ரிடையர் ஆன சர்க்கார் உத்தியோகஸ்தனிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு நிமிஷக் கணக்குப் பேசுவது தைரியமான காரியம்தான். ஆனால் டிபன் 6 மணிக்கு என்று முன்னாலேயே அறிவித்துவிட்டார்கள். ஆகையால் எனக்கும் பொறுப்பு இருக்கிறது.

இன்றைக்கு இரண்டு பேரைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். ஒருவர் நம் மாமி, வயது 69. பெயரை மைக்கில் சொல்லக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. இங்கே அவரைத் தெரியாதவர் யாரும் இல்லை என்பதால் எனக்கும் அதில் சிரமமில்லை. பத்திரிகை ஒன்று நடத்திய சிறுகதைப் போட்டியில் அவருடைய முதல் கதைக்கே ஆறுதல் பரிசு கிடைத்திருக்கிறது. இன்னொருவர் 27 வயது இளைஞர், இங்கேயே பிறந்து குஜராத்தி மீடியத்தில் படித்து என்ஜினீயர் ஆனவர். பாட்டி பைண்டு செய்து வைத்திருந்த பழைய தொடர்கதைகளை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கக் கற்றவர். அவருடைய கதை ஓர் இணைய இதழில் வெளியாகி, 1,000 ரூபாய் சன்மானமும் வங்கிக் கணக்கில் வந்துவிட்டது. "இதுக்கு டி.டி.எஸ். பிடிச்சாளா?" என்று அவருடைய தகப்பனார் கேட்டதாகக் கேள்வி. அவர் ஆடிட்டர். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

இவர்களைப் பாராட்ட என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம், நான் பெரிய எழுத்தாளன் என்பதல்ல. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்து, மத்திய சுங்க, கலால் இலாகாவின் பரிசோதனைக் கூடங்களில் மும்பையிலும் கல்கத்தாவிலும் இந்த ஊரிலுமாக 37 வருஷம் வேலை பார்த்தவன் நான். நடுவில் 14 சிறுகதைகள் பத்திரிகைகளில் வந்தன. பதினைந்தாவது இன்னும் வரவில்லை. நம் சங்கப் போட்டிக்கு ஆறு தடவை நடுவராக இருந்திருக்கிறேன். இதெல்லாம் சாதனையில் சேராது. அனுபவம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

கூட்டம் வைக்கப்போகிறோம் என்று சொன்னபோது மாமி சொன்னது இது: "ஆறுதல் பரிசுதானே! இதுக்குப் போய் நாலு பேரைக் கூட்டணுமா மாமா?"

இந்த 'ஆறுதல் பரிசு' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்குக் கதை எழுதுகிறவர்கள் மேல் என்ன கோபமோ தெரியவில்லை. எழவு விழுந்த வீட்டில் சொல்வதுதானே ஆறுதல்? கட்டுக் கட்டாக வந்து குவிந்த கதைகளில் ஒன்றை எடுத்து, இதை அச்சில் போடலாம் என்று ஒருவர் தனியே வைத்தாரே, அதில் யாருக்கு யார் ஆறுதல் சொல்கிறார்கள்?

நம் பத்திரிகை உலகில் போட்டி மூலமாக உள்ளே வந்தவர்கள் வரிசை கொஞ்ச நஞ்சமல்ல. பி.எஸ். ராமையா 1930களின் தொடக்கத்தில் ஆனந்த விகடன் நடத்திய சிறுகதைப் போட்டிக்கு எழுதியதுதான் 'மலரும் மணமும்'. பிற்பாடு அதே ராமையா 'மணிக்கொடி'யைச் சிறுகதைக்கென்றே நடத்தி, எத்தனையோ பேருடைய கதைகளை அச்சில் ஏற்றினார். அகிலன் ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயிலில் தபால் பிரிக்கும் இலாகாவில் வேலை பார்த்தவர். அவருடைய 'பெண்' நாவலுக்குக் கலைமகள் பத்திரிகையின் நாராயணசுவாமி ஐயர் நினைவுப் பரிசு 1946ல் கிடைத்தது. 1975ஆம் வருஷத்துக்கான ஞானபீடப் பரிசும் அவருக்கே வந்தது. ஆர். சூடாமணி வீட்டிலிருந்தே படித்தவர். பள்ளிக்கூடம் போகும்படியான தேக நிலை அவருக்கு வாய்க்கவில்லை. கலைமகள் 1957ல் வெள்ளிவிழா கொண்டாடியபோது அவருடைய 'காவேரி' என்ற கதைக்குப் பரிசு கொடுத்தது. கல்கியின் வெள்ளிவிழா நாவல் போட்டியில் 1966ல் முதல் பரிசு வாங்கிய உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' 1978ல் சினிமாவாக வந்ததை இங்கே பாதிப்பேர் தியேட்டரில் பார்த்திருப்பீர்கள். மும்பையிலும் பெங்களூரிலும் வளர்ந்த அம்பை, 'கண்ணன்' என்ற சிறுவர் பத்திரிகையின் நாவல் போட்டியில் பரிசு வாங்கி எழுத வந்தவர். ஆக, வெளியூரில் வளர்ந்த குழந்தைக்குத் தமிழில் எழுத வராது என்று யாராவது சொன்னால் அம்பை பெயரைச் சொல்லுங்கள்.

இவர்களில் அநுத்தமா அவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பத்து மருமகள். 1947ல் கல்கி பத்திரிகையின் சிறுகதைப் போட்டியில் அவருடைய 'அங்கயற்கண்ணி'க்குப் பரிசு கிடைத்தது. எழுது எழுது என்று அவரை ஊக்கப்படுத்தியவர் யார் தெரியுமா? மாமனார்! கல்யாணமாகி வந்த பெண், அடுக்களை வேலை முடிந்து எழுத உட்கார்ந்தால், சொல்வதற்கு வீட்டில் பத்துப் பேர் இருப்பார்கள். அந்த இடத்தில் வீட்டுப் பெரியவர் பக்கபலமாக நின்றார் என்பதை நான் பரிசைவிடப் பெரிதாக நினைக்கிறேன். முதல் கதை வெளியே வந்த கதையை யாரிடம் கேட்டாலும், அதற்குப் பின்னால் அதைப் படித்துப் பார்த்த ஒருவர் நிற்கிறார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கு வருகிறேன்.

இப்போது பணத்துக்கு வருவோம். நம்மவர்கள் வெளியில் சொல்லாவிட்டாலும் மனசில் அதுதானே இருக்கிறது!

தமிழில் கதையை 'விற்றேன்' என்று யாரும் சொல்வதில்லை. விலை, கூலி, சம்பளம் என்ற சொற்களும் கிடையாது. சன்மானம் என்கிறோம். தொகை சின்னதாக இருந்தாலும் சொல் பெரிது; ஒருவேளை தொகை சின்னதாக இருப்பதால்தான் சொல் பெரிதோ என்னவோ. எனக்கு 1978ல் முதல் சன்மானம் வந்தது, 40 ரூபாய், மணியார்டரில். அப்போது மாட்டுங்காவில் ஒண்டுக் குடித்தனம். தபால்காரர் மராத்திக்காரர். வழக்கமாக எங்கள் கட்டடத்திலிருந்து ஊருக்கு மணியார்டர் போகுமே தவிர, ஊரிலிருந்து வராது. மதராஸிலிருந்து பணம் வருகிறது என்றதும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கதை எழுதியதற்கு என்று சொன்னதும், மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி அதை அறிவித்துவிட்டுத்தான் கீழே இறங்கினார். அதைவிடப் பெரிய பாராட்டுக் கூட்டம் எனக்கு நடந்ததில்லை. பணம் அந்த வாரமே செலவாகிவிட்டது. மணியார்டர் கூப்பனில் 'தங்கள் கதைக்கு' என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தார்கள். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்று வங்கியிலிருந்து எஸ்.எம்.எஸ். வருகிறது. நம் இளைஞர் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார். கூப்பனுக்கு அதுதான் இப்போது பதில் போலிருக்கிறது.

மைசூர் ஆர்.கே. நாராயண் இங்கிலீஷில் எழுதியவர். ஆனாலும் தமிழ்க் குடும்பம். நாம் அவரை விட்டுக்கொடுக்கமாட்டோம். எழுத்தே தொழில் என்று அவர் உட்கார்ந்த முதல் வருஷம் கிடைத்த வருமானம் ஏறத்தாழ 9 ரூபாய் 12 அணா. அதுவும் கதைக்கு வந்ததில்லை. கப்பல் சட்டம் பற்றிய புஸ்தகம் ஒன்றுக்கு மதிப்புரை எழுதி வந்தது. இரண்டாம் வருஷம் ஒரு சிறுகதைக்கு 18 ரூபாய். மூன்றாம் வருஷம் குழந்தைகள் கதை ஒன்றுக்கு 30. அவரே தம் சுயசரிதையில் இந்தக் கணக்கைக் கொடுத்திருக்கிறார். தகப்பனார் ஹெட்மாஸ்டர். பி.ஏ. படித்த பிள்ளை வேலைக்குப் போகாமல் வருஷத்துக்குப் பத்து ரூபாய் சம்பாதிக்கிறான் என்றால் அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நம் வீடுகளை வைத்து யூகித்துக்கொள்ளுங்கள். அவருடைய முதல் நாவலைப் பதிப்பாளர்கள் மாற்றி மாற்றித் திருப்பி அனுப்பினார்கள். வெறுத்துப்போய், கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று ஆக்ஸ்போர்டில் இருந்த சிநேகிதருக்கு எழுதினார். சிநேகிதர் கல்லைத் தேடிப் போகாமல் கிரஹாம் கிரீனைத் தேடிப் போனார். 1935ல் 'ஸ்வாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' லண்டனில் வெளியாயிற்று. இங்கேயும் பாருங்கள், நடுவில் ஒரு சிநேகிதர், அவர் கொண்டுபோய்க் கொடுத்ததைப் படித்துப் பார்த்த ஒரு மனிதர்.

சன்மானம் என்பது வெறும் கௌரவமாக இல்லாமல் சாப்பாடாகவும் ஃபீஸாகவும் இருந்த காலமும் உண்டு. 'லக்ஷ்மி' என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரி சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, வீட்டிலிருந்து மேற்கொண்டு பணம் வர வழியில்லை. நேரே ஆனந்த விகடன் எஸ்.எஸ். வாசனிடம் போய், எழுத வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டார். வாசன் கொடுத்தார். கதைகளுக்கு வந்த பணம் படிப்பு முடிய உதவியது. அந்த நாளில் ஒரு பெண் டாக்டருக்குப் படிப்பதே அபூர்வம். ஃபீஸுக்காகக் கதை எழுதிப் படித்தார் என்பதைக் கேட்டால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. 1984ல் சாகித்ய அகாதமி விருது வாங்கினார். ஆகவே, "இதுலே என்ன காசு வரப்போறது?" என்று இளக்காரமாகக் கேட்பவர்களிடம் இந்த டாக்டர் பெயரைச் சொல்லலாம்.

உத்தியோகத்தில் இருக்கும் உறுப்பினர்கள் சிலர், கதை எழுதினால் ஆபீஸில் பிரச்னை வருமா என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கான 1964ஆம் வருஷத்து நடத்தை விதிகளின்படி, எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, விஞ்ஞானப் பணிக்கு முன் அனுமதி தேவையில்லை. உத்தியோகக் கடமை கெடக்கூடாது, அவ்வளவுதான். வங்கி, கம்பெனி, மாநில சர்க்கார் என்றால் அவரவர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். விதி வேறு, மனுஷர்கள் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கதை ஒன்று வந்த வாரம் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். பத்திரிகை அவர் மேஜை மேல் இருந்தது. "கதை நன்னாயிருக்கு. இதிலே வர ஹெட் கிளார்க் யாரு?" என்றார். கற்பனை சார் என்றேன். "கற்பனைன்னா வெத்திலைப் பெட்டி எப்படி வந்தது?" என்றார். எங்கள் ஆபீஸில் வெற்றிலைப் பெட்டி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்! நல்ல மனிதர், மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கதையில் ஹெட் கிளார்க்குக்கு மூக்குப்பொடி கொடுத்துவிட்டேன்.

பரிசு கிடைக்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சங்கப் போட்டிக்கு அனுப்பிவிட்டு என்னை இங்கே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு பேரை எனக்குத் தெரிகிறது.

எங்கள் லேபில் நடைமுறை என்னவென்றால், துறைமுகத்தில் வந்து இறங்கிய சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, சீல் வைத்து, டெஸ்ட் மெமோவோடு அனுப்புவார்கள். பரிசோதித்தது போக மிச்சத்தைப் பத்திரமாக வைத்திருப்போம். இறக்குமதி செய்தவர் எங்கள் முடிவை ஒப்புக்கொள்ளாவிட்டால் மறுபரிசோதனை கேட்கலாம். ஒரே மாதிரியை இரண்டு கெமிஸ்ட்கள் பார்த்து, எண்ணெயில் அமிலம் இவ்வளவு என்று ஒருவர் ஒன்றும் மற்றவர் வேறொன்றும் சொன்னால், அவர்களில் ஒருவர் செய்தது தப்பு. சந்தேகமே இல்லை. கதை அப்படிப்பட்ட சரக்கு கிடையாது. நம் சங்கப் போட்டியில் எழுதியவர் பெயரை மறைத்து, நம்பர் மட்டும் போட்டு, மூன்று நடுவர்களுக்கும் தனித்தனியே பிரதி கொடுப்போம். ஒரு வருஷம் ஒரே கதைக்கு ஒரு நடுவர் நூற்றுக்கு 82 போட்டார், இன்னொருவர் 41 போட்டார். இரண்டு பேரையும் உட்கார வைத்துக் காரணம் கேட்டேன். 82 போட்டவர் சொன்ன காரணமும் நியாயமாக இருந்தது, 41 போட்டவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு 37 வருஷ சர்வீஸில் நேராத அனுபவம் அது. ஆகையால் திரும்பி வந்த கதையை மிச்ச மாதிரி போலப் பத்திரமாக வைத்திருங்கள். ஒரு மாசம் கழித்து எடுத்துப் படித்து, இளைத்திருந்தால் சதை போட்டு, பருத்திருந்தால் வெட்டி, வேறிடத்துக்கு மறுபரிசோதனைக்கு அனுப்புங்கள். ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள். போட்டி விதிகள் பெரும்பாலும் அதை அனுமதிப்பதில்லை. இரண்டு இடத்திலும் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களும் உங்கள் பெயரை மறக்கமாட்டார்கள்!

இன்னொரு ஜாக்கிரதையும் தேவைப்படுகிறது. சமீப காலமாக, 'தங்கள் படைப்பு எங்கள் தொகுப்புக்குத் தேர்வாகியுள்ளது, நூல் வெளிவர இத்தனை பிரதிகளுக்கான தொகையை அனுப்பவும்' என்று கடிதம் வருகிறது. விழா, கேடயம், பொன்னாடை, போட்டோ எல்லாம் உண்டு; செலவு மட்டும் உங்களுடையது. நம் உறுப்பினர் ஒருவர் சந்தோஷத்தில் பணமும் கட்டி, ரயில் டிக்கெட்டும் எடுத்துப் போய் வந்தார். அங்கே முந்நூறு பேருக்கும் முதல் பரிசு! இதில் என் கட்சி ரொம்பச் சாதாரணமானது. பணம் பத்திரிகையிடமிருந்து எழுதுகிறவருக்கு வர வேண்டும். எதிர்த் திசையில் போனால் அதற்குப் பரிசு என்று பெயர் கிடையாது. நுழைவுக் கட்டணம் என்று சிறு தொகை வாங்கும் கண்ணியமான போட்டிகளும் இருக்கலாம். விசாரித்துவிட்டுக் கட்டுங்கள். அதே போல் கையெழுத்துப் போடுமுன் விதிகளைப் படியுங்கள். 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, கதையின் உரிமை எழுதியவருடையது. நீங்கள் எழுத்து மூலமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் இன்னொருவருக்குப் போகும். அப்படிக் கொடுக்கும் பத்திரத்தில் கால வரம்பு குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆடிட்டர் ஸார் தலையை ஆட்டுகிறார், சரியாகத்தான் சொல்கிறேன் போலிருக்கிறது.

விண்ணப்பமே போடாமல் கிடைக்கும் பரிசும் ஒன்று உண்டு. சென்னையில் 1970ல் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை' அமைப்பு, மாசாமாசம் பத்திரிகைகளில் வந்த கதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வருஷக் கடைசியில் பன்னிரண்டிலிருந்து ஒன்றைச் சிறந்ததாக அறிவித்து, பன்னிரண்டையும் புஸ்தகமாகக் கொண்டுவந்தது. எங்கேயோ ஒரு மூலையில் வந்த உங்கள் கதையை முன்பின் தெரியாத ஒருவர் கவனித்துப் படித்தார் என்பதைவிட எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

முதல் கதை வந்த ஜோரில் அடுத்த மாசமே இரண்டாவது வரவேண்டும் என்று பரபரக்க வேண்டாம். சுஜாதாவின் முதல் கதை திருச்சியிலிருந்து வந்த 'சிவாஜி' பத்திரிகையில் 1953ல் வந்தது. குமுதத்தில் 'இடது ஓரத்தில்' வந்தது 1962ல். நடுவில் ஒன்பது வருஷம். படிப்பு, உத்தியோகம், ஊர் மாற்றம். அவரும் நம்மைப் போல் வெளியூர் உத்தியோகஸ்தர், நம்மைப் போல் விஞ்ஞானம் படித்தவர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

முன்னே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயத்துக்கு இப்போது வருகிறேன். மாமியிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

மாமியின் கதை ஒரு பித்தளைத் தவலையைப் பற்றியது. மாமியார் காலமான பிறகு வீட்டுப் பாத்திரங்களை ஒழித்துப்போடும்போது, எல்லாவற்றிலும் குடும்பத்துப் பெயர்கள் வெட்டியிருக்க, ஒரு தவலையில் மட்டும் யாருக்கும் தெரியாத பெண்ணின் பெயர் வெட்டியிருக்கிறது. யார் அவள், இந்த வீட்டுக்கு எப்போது வந்தாள், ஏன் அவளைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதுதான் கதை. அதற்குமேல் சொல்லமாட்டேன். பத்திரிகை கைக்கு வந்ததும், கதை வந்த பக்கங்களை மாமி போட்டோ எடுத்து, புனேயில் இருக்கும் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பிள்ளைக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும். படிப்பது, பஸ் போர்டு படிக்கிற அளவு. கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. மருமகளும் ஒரு கட்டைவிரல். பேரனுக்கு 12 வயது, சூட்டிகையான பையன். அவன் அந்தப் படத்தை மொபைலில் மொழிபெயர்க்கும் செயலியில் போட்டுப் படித்துவிட்டுப் பாட்டியைக் கூப்பிட்டான். "பாட்டி, கதை நன்னாதான் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு கேரக்டரை எதுக்குப் புளி போட்டுத் தேய்க்கறா?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். மாமியும் அன்றைக்குச் சிரித்தாராம். 'பாத்திரம்' என்ற சொல்லை அந்தச் செயலி கதாபாத்திரம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. சிரித்துவிட்டு ஃபோனை வைத்த பிறகுதான் மாமிக்குத் துக்கமாகிவிட்டது. தவலையில் வெட்டியிருந்த பெயரைப் படிக்க ஆளில்லாமல் போனதைப் பற்றி எழுதிய கதை. அதைப் படிக்க அவருடைய வீட்டிலேயே ஆளில்லை. பரிசு கொடுத்த நடுவர்கள் சென்னையில் இருக்கிறார்கள், முகம் தெரியாது. ஸ்வாமி முன்னால் பத்திரிகையை வைத்து நமஸ்காரம் பண்ணிவிட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆறுதல் பரிசுக்குக் கூட்டம் வேண்டாம் என்று அவர் சொன்னதற்கு உள்காரணம் இதுதான்.

நான்கு நாள் கழித்துப் பேரனே மறுபடி கூப்பிட்டிருக்கிறான். "பாட்டி, நீயே படியேன், நான் கேக்கறேன்." மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, முழுக் கதையையும் படித்தார். 14 நிமிஷம் ஆயிற்றாம். நடுவில் இரண்டு இடத்தில் அர்த்தம் கேட்டான், தவலை என்றால் என்ன, சம்பந்தி என்றால் யார். கடைசியில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பேரு நெஜமாவே நம்மாத்துத் தவலைலே இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். பின்னாலிருந்து பிள்ளையின் குரலும் கேட்டிருக்கிறது: "அம்மா, அது அத்தைப்பாட்டியா?" அவரும் முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மாமி பதில் சொல்லவில்லை. தீபாவளிக்கு வாங்கோ, தவலையைக் காட்டறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

நம் பிள்ளைகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும் கண்ணால் படிக்கும் தமிழ் போய்விட்டது, பாதி வீடுகளில். காதால் கேட்கும் தமிழ் இன்னும் இருக்கிறது. அது எத்தனை நாளைக்கு என்று சொல்வதற்கில்லை. படிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நம் சங்கத்தில் மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் பரீட்சை சீசனில் நின்றுபோனதையும் பார்த்திருக்கிறேன். இன்னொரு பக்கம், பத்திரிகைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. அத்தனை பேரை ஏற்றிவிட்ட கல்கி 2020ல் அச்சை நிறுத்திக்கொண்டு இணையத்துக்குப் போய்விட்டது. இந்த நிலைமையில் வெளியூர்ச் சங்கம் ஒன்றால் நாளைக்கே செய்ய முடிவது எது என்று யோசித்து, செயற்குழுவிடம் ஒரு யோசனை கொடுத்தேன். ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த மாசத்திலிருந்து, மாசக் கடைசி ஞாயிறு நடக்கும் சகஸ்ரநாம பாராயணம் முடிந்த பின் கால் மணி நேரம் கதைக்கு. நம் ஊர் உறுப்பினர் எழுதியது, எங்காவது அச்சிலோ இணையத்திலோ வந்தது, எழுதியவரே வாய்விட்டுப் படிக்க வேண்டும். வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே மொபைலில் பதிவு செய்து அனுப்பலாம். அதைக் குழுவில் போடுவோம். நாடகம் மாதிரி ஏற்ற இறக்கம் வேண்டாம், அகத்தில் பேசுகிற மாதிரி படித்தால் போதும். 15 நிமிஷத்துக்கு மேல் போகும் கதையை இரண்டு மாசமாகப் பிரித்துக்கொள்ளலாம். மற்ற ஊர்களில் இந்தப் பத்திரிகையைப் படிக்கும் உறுப்பினர்களும் அவரவர் சங்கத்தில் இதைச் செய்து பார்த்துவிட்டு, எப்படிப் போயிற்று என்று ஆசிரியருக்கு எழுதினால் எங்களுக்கும் உபயோகமாக இருக்கும். நம் இளைஞர் பதிவுகளைச் சுத்தம் செய்து தர முன்வந்திருக்கிறார். சன்மானம் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறோம்.

அடுத்த மாசம் அவருடைய கதை. இன்றைக்கு மாமியின் கதை. மாமி ஒருவழியாக ஒப்புக்கொண்டு பத்திரிகையைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார். புனேயிலிருந்து பேரன் வீடியோவில் வந்தாயிற்று, அந்த லாப்டாப்பைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வையுங்கள். டிபன் 14 நிமிஷம் தாமதமாகும், சமையல்காரரிடம் சொல்லியாயிற்று. மேலே இருக்கும் ஃபேனை யாராவது குறையுங்கள், மைக்கில் காற்றுச் சத்தம் கேட்கிறது. மாமி, வாங்கோ.